கூடினது எது, குறைஞ்சது எது?
கொழுந்துக் கணக்கில் ஒரு கணினிப் பாடம்

(தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஆரம்பக் கணினி வகுப்பின் நிறைவு நாளன்று, பெற்றோரும் வந்திருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வீட்டில் அடுப்பையும் மூட்டிவிட்டுத்தான் பல தாய்மார் இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. "ஞாயித்துக்கிழமையானா பிள்ளைங்க கொம்பியூட்டர் கிளாஸ்னு போயிருதுங்க. அங்க என்னாதான் படிக்குதுங்க?" என்று உங்களில் சிலர் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரேயொரு பாடத்தை எடுத்துக்காட்டிப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்று. கணினி என்பது நமக்கு ஒட்டாத சாமான் என்று யாரும் எண்ண வேண்டாம். வியாபாரக் கணக்குப் பார்ப்பதற்கென்று உலகில் முதன்முதல் ஓடிய கணினியைச் செய்வித்தது யார் தெரியுமா? இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த லயன்ஸ் என்ற கம்பனி. 1951ஆம் ஆண்டில் அவர்கள் 'லியோ' என்ற இயந்திரத்தை ஓட்டினார்கள். முதலில் தங்களுடைய ரொட்டி, கேக் கணக்கைப் பார்த்தார்கள். அடுத்த சில வருடங்களில் தங்கள் தொழிலாளரின் சம்பளக் கணக்கையும் அதிலேயே போட்டார்கள். ஆகவே தேயிலைக்கும், சம்பளத்துக்கும், கணினிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

ஓர் அம்மாவின் கொப்பி

எங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கச்சியின் அம்மா கொழுந்து எடுப்பவர். அதிகம் படித்தவர் அல்ல, ஆனால் எண் எழுதத் தெரியும். ஒவ்வொரு நாளும் மாலையில், கழிவு போக அன்றைக்குக் கிடைத்த நிறையை ஒரு பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதி வைப்பார். வேலை இல்லாத நாளில் திகதியை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார். அதில் இரண்டு கிழமைக் கணக்கைத் தங்கச்சி வகுப்புக்குக் கொண்டு வந்தாள்.

முதல் கிழமை, திங்கள் தொடக்கம் சனி வரை: 17, 19, 16.5, 21, 18, 9 கிலோ. ஞாயிறு வெறும் வரி.

இரண்டாம் கிழமை: 20, 22, 17.5, 19, 23, 18 கிலோ. ஞாயிறு மறுபடியும் வெறும் வரி.

மொத்தம் 14 வரி. அதில் எண் உள்ளவை 12. இதைக் கணினியில் அப்படியே எழுதிச் சேமித்து வைத்தோம். அப்படிச் சேமித்து வைத்ததைத்தான் 'கோப்பு' என்று சொல்கிறோம். கொப்பி கடதாசியில் இருக்கிறது, கோப்பு இயந்திரத்துக்குள் இருக்கிறது. வேறு வித்தியாசம் இல்லை.

பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்த வேலை இதுதான்: இந்தக் கோப்பைக் கணினியே படித்து, ஆகக் கூடின நிறை எது, ஆகக் குறைந்த நிறை எது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு செய்நிரல் எழுதுங்கள்.

"இதுக்கு எதுக்குங்க கொம்பியூட்டர்? கூடினது 23, குறைஞ்சது 9. பார்த்தாலே தெரியுதே!" என்று நீங்கள் கேட்பீர்கள். 12 எண்ணுக்குக் கண்ணே போதும். ஆனால் 300 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில், மாதம் 25 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 90,000 வரி வரும். கண் களைத்துவிடும். செய்நிரலுக்கு 12 வரியும் ஒன்றுதான், 90,000 வரியும் ஒன்றுதான்.

வரிசையில் நிற்க வைத்த விளையாட்டு

இயந்திரம் நம்மைப் போல முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்காது. ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் படிக்கும். அடுத்த வரிக்குப் போகும்போது முந்திய வரி அதற்கு மறந்துவிடும், நாம் ஞாபகம் வைக்கச் சொன்னால் ஒழிய.

இதை விளங்க வைக்கக் கணினியை மூடிவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு, அதில் ஓர் எண். ஒரு தம்பி மட்டும் வரிசை வழியே நடந்து போக வேண்டும். அவனுடைய வலது கையில் இதுவரை பார்த்ததில் கூடினது, இடது கையில் இதுவரை பார்த்ததில் குறைஞ்சது. புதுத் துண்டு வலது கையில் உள்ளதை விடப் பெரிதென்றால் அதை மாற்றிக்கொள்வான். இடது கையில் உள்ளதை விடச் சிறிதென்றால் அதை மாற்றிக்கொள்வான். இரண்டும் இல்லையென்றால் பேசாமல் தாண்டிப் போவான்.

வலது கையில் 17, பிறகு 19, 21, 22, 23 என்று ஏறியது. இடது கையில் 17, பிறகு 16.5, அதன் பிறகு 9 என்று இறங்கியது. வரிசை முடிந்தபோது விடை அவன் கையிலேயே இருந்தது. பாடத்தின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்நிரலாக எழுதும்போது பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம். பெரிய ஆட்களும் இதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

நான்கு இடறல்கள்

முதலாவது, தொடங்கும் இடம். நடக்க ஆரம்பிக்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்? பாதிப் பிள்ளைகளுக்கு மேல் இரண்டு கையிலும் பூச்சியத்தை வைத்து ஆரம்பித்தார்கள். செய்நிரல் ஓடியது. கூடினது 23 என்று சரியாகச் சொன்னது. குறைஞ்சது 0 என்று சொன்னது! தங்கச்சி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்னைக்குடி சைபர் கிலோ எடுத்தேன்? மழையிலயும் வெறுங்கூடையோட நான் இறங்கினதில்ல."

அந்த அம்மா சொன்னதுதான் சரி. 0 என்ற எண் அவருடைய கொப்பியில் எங்கேயும் இல்லை. செய்நிரல் எழுதினவர் தம் கையால் உள்ளே போட்ட எண் அது. 9, 16.5, 17 எதுவும் 0ஐ விடச் சிறிதல்ல, ஆகவே இடது கை மாறவே இல்லை.

"அப்படியானால் கூடினதுக்கு மட்டும் 0 வைக்கலாமா?" என்று ஒரு தம்பி கேட்டான். கொழுந்துக்குச் சரிவரும், எல்லாவற்றுக்கும் சரிவராது. தென்துருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு பதிவான ஆகக் கூடின வெப்பநிலையே பூச்சியத்துக்குக் கீழே 12.3 பாகைதான், அதுவும் 2011 மார்கழி 25ஆம் திகதி. அந்த ஊர்க் கோப்பைக் கொடுத்து 0 என்று ஆரம்பித்தால், ஒரு நாளும் வராத 0 பாகையைக் கணினி கூடினது என்று சொல்லும். ஆகவே நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறை: நம் மனதில் இருந்து எண் எடுக்காதே. கோப்பில் உள்ள முதல் எண்ணையே எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பி.

இரண்டாவது, எழுத்தும் எண்ணும். இதில்தான் வகுப்பே சிரித்தது. ஒரு பிள்ளையின் செய்நிரல் கூடினது 9 என்றும், குறைஞ்சது 16.5 என்றும் சொன்னது! கூடினதை விடக் குறைஞ்சது பெரிதாக இருக்கிறது. எப்படி?

காரணம் இதுதான். கோப்பில் இருந்து ஒரு வரியைப் படிக்கும்போது கணினி அதை எழுத்தாகத்தான் எடுக்கும், எண்ணாக அல்ல. எழுத்தை ஒப்பிடும்போது அகராதியில் சொல் தேடுவது போல முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 9 என்பது 2ஐ விடப் பிந்தி வரும் எழுத்து. ஆகவே 9 தான் 23ஐ விடப் பெரிது என்று முடிவு செய்துவிடும். 16.5க்கு முன்னால் 1 நிற்கிறது, அதற்கு அடுத்து 6 நிற்கிறது, ஆகவே அது எல்லாவற்றுக்கும் முந்தி வந்துவிட்டது. உயர்தர மாணவர் படிக்கும் பைத்தன் மொழியிலும் இதே கதைதான். படித்த எழுத்தை எண்ணாக மாற்று என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது கேட்காது, குறை சொல்லவும் மாட்டாது, பிழையான விடையை நல்ல பிள்ளை போலக் காட்டிவிட்டு நிற்கும்.

மூன்றாவது, வெறும் வரி. ஞாயிற்றுக்கிழமை வரியில் எண் இல்லை. அதை எண்ணாக மாற்றப் போனால் செய்நிரல் இடையில் நின்றுவிடும். அதைத் தவிர்க்க ஒரு தம்பி வெறும் வரிக்கெல்லாம் 0 என்று நிரப்பிவிட்டான். மறுபடியும் குறைஞ்சது 0! வேலைக்குப் போகாத நாளை, போய் ஒன்றும் எடுக்காத நாளாக எழுதிவிட்டான். இரண்டும் ஒன்றல்ல. தோட்டங்களில் மழை அளக்கும் மானி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதினால் அது அளந்து கண்ட உண்மை. ஒருவரும் போய்ப் பார்க்காத நாளுக்கு 0 என்று எழுதினால் அது பொய். வெறும் வரியைத் தாண்டிப் போகச் சொல்வதே சரி.

நான்காவது, யாருடைய எண், எந்த நாள் எண்? செய்நிரல் குறைஞ்சது 9 என்று சரியாகச் சொன்ன பிறகு, ஒரு தம்பி வாய் தவறி, "அன்னைக்கு அம்மா சும்மா இருந்திருக்காங்க போல" என்று சொல்லிவிட்டான். தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. அது எந்த நாள் என்று கொப்பியைப் பார்த்தோம். முதல் கிழமை சனிக்கிழமை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று பகலோடு மலையில் இருந்து இறங்கி, டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாள். அன்றைக்கு அரைப் பேர்தான். அரை நாளில் 9 கிலோ எடுத்திருக்கிறார்.

அன்று தொடக்கம் எங்கள் வகுப்பில் ஒரு சட்டம். கூடினதையும் குறைஞ்சதையும் மட்டும் எடுக்கக் கூடாது. எடுக்கும்போதே அதன் திகதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். எண்ணைத் தனியே பிடுங்கி எடுத்து ஓர் ஆளுக்குப் பேர் வைக்கக் கூடாது.

இந்த நான்கையும் திருத்திய பிறகு பிள்ளைகள் எழுதிய படிகள் இவை:

1. கோப்பைத் திற.
2. எண் உள்ள முதல் வரியைத் தேடி எடு. எழுத்தை எண்ணாக மாற்று.
3. அந்த எண்ணையே கூடினது என்றும், குறைஞ்சது என்றும் குறித்துக்கொள். இரண்டுக்கும் பக்கத்தில் அதன் திகதியை எழுது.
4. அடுத்த வரியை எடு. வெறும் வரியென்றால் தாண்டிப் போ. எண் இருந்தால் எழுத்தை எண்ணாக மாற்று.
5. அது கூடினதை விடப் பெரிதென்றால், கூடினதையும் அதன் திகதியையும் மாற்று.
6. அது குறைஞ்சதை விடச் சிறிதென்றால், குறைஞ்சதையும் அதன் திகதியையும் மாற்று.
7. வரி முடியும் வரை 4ஆம் படிக்குத் திரும்பிப் போ.
8. முடிந்ததும் கோப்பை மூடு. இரண்டு எண்ணையும், இரண்டு திகதியையும் காட்டு.

கோப்பில் ஓர் எண்கூட இல்லை என்றால் 'கணக்கு இல்லை' என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். விடையை இட்டுக்கட்டக் கூடாது.

ஒன்பது கிலோ எங்கே போனது?

இப்போது இந்தப் பாடம் வீட்டுக்கு எப்படி உதவியது என்பதைச் சொல்கிறோம்.

அந்த இரண்டு கிழமையில் அம்மாவின் கொப்பிப்படி மொத்தம் 220 கிலோ. ஆனால் தோட்டத்துக் கணக்கில் 211 கிலோ என்று இருந்தது. 9 கிலோ குறைவு. அம்மாவுக்கு உடனே சந்தேகம் வந்தது எதில்? அந்த அரைப் பேர் நாளில்தான். "அரை நாள் எடுத்த 9 கிலோவையும் வுட்டுட்டாங்க. நாளைக்கே போயி கேக்கிறேன்" என்று கொதித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கேட்டால் யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்?

தங்கச்சி ஒன்று செய்தாள். அம்மாவோடு போய், நாள்வாரிக் கணக்கைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்டு, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பில் அதை இன்னொரு கோப்பாகச் சேமித்தாள். அதே செய்நிரலை அதன் மேல் ஓட்டினாள். கூடினது 23. குறைஞ்சது 9, முதல் கிழமை சனிக்கிழமை.

பார்த்தீர்களா? அரைப் பேர் நாளை விட்டிருந்தால் குறைஞ்சது 16.5 என்று வந்திருக்கும். 9 அப்படியே இருக்கிறது, திகதியும் சரியாக இருக்கிறது. ஆகவே சந்தேகப்பட்ட இடத்தில் பிழை இல்லை. அம்மா அன்றைக்கே போய்ச் சத்தம் போட்டிருந்தால், அவர்கள் புத்தகத்தைத் திறந்து, "இந்தா இருக்கு ஒன்பது" என்று காட்டி அனுப்பியிருப்பார்கள். உள்ளே இருந்த உண்மையான பிழையும் அதோடு மூடப்பட்டிருக்கும்.

பிழை நடுவில் எங்கேயோ இருக்கிறது. இங்கே கணக்கெழுதும் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு பழைய வழியைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கூட்டுத்தொகையில் வரும் வித்தியாசம் 9ஆல் மிச்சமின்றிப் பிரிந்தால், எங்காவது இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். 32ஐ 23 என்று எழுதினால் 9 குறையும். 41ஐ 14 என்று எழுதினால் 27 குறையும், அதுவும் மூன்று ஒன்பது. இது சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல. ஆகவே இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்தாள். முதல் கிழமை வியாழக்கிழமை, அம்மாவின் கொப்பியில் 21. எழுதிக்கொண்டு வந்த பட்டியலில் 12.

அப்போதும் நாங்கள் அவசரப்படவில்லை. அம்மா எழுதியதில் பிழையா, தங்கச்சி பார்த்து எழுதியதில் பிழையா என்று முதலில் நம் பக்கத்தைப் பார்த்தோம். நல்ல காலம், அன்றைய நிறைத் துண்டை அம்மா கொப்பிக்குள்ளேயே செருகி வைத்திருந்தார். அதிலும் 21. துண்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நிறுத்த இடத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் 21தான். பெயர்த்து எழுதும்போது இலக்கம் புரண்டிருக்கிறது. திருத்திக் கொடுத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

9 கிலோ பெரிய தொகையா என்று யாராவது கேட்கலாம். அந்த அம்மா அரை நாள் மலையில் நின்று எடுத்ததும் 9 கிலோதான். அதை நினைத்துப் பார்த்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

தாய்மார்களே, வீட்டுக்கு ஒரு கொப்பி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். திகதி, ஒவ்வொரு தடவையும் நிறுத்த நிறை, கழிவு, கழிவு போக மிச்சம், முழுப் பேரா அரைப் பேரா என்பது, இவ்வளவும் போதும். கழிவுக்கு முந்திய நிறையைக் கழிவு போன நிறையோடு ஒப்பிட்டுவிட்டுக் கோபப்படாதீர்கள். துண்டு கிடைக்கும் இடங்களில் சம்பளம் வாங்கிக் கணக்குப் பார்க்கும் வரை அதை எறியாதீர்கள். அன்றைக்கே எழுதுங்கள். நாலு நாள் கழித்து ஞாபகத்தில் எழுதினது கணக்கில் நிற்காது.

தம்பி தங்கைகளே, எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் முதல் வேலையாகக் கூடினதையும் குறைஞ்சதையும் பாருங்கள். 16.5 என்பதில் புள்ளியை விட்டு 165 என்று எழுதியிருந்தால் அது கூடினதாக முன்னால் வந்து நிற்கும். 23 என்பதில் 3ஐ விட்டு 2 என்று எழுதியிருந்தால் அது குறைஞ்சதாக வந்து நிற்கும். ஆனால் 21 இடம் மாறி 12 ஆனது இரண்டிலும் தெரியவில்லை, ஏனென்றால் 12 என்பது 9க்கும் 23க்கும் நடுவில் ஒளிந்துகொண்டது. ஆகவே இரண்டு முனையும் சரியென்றால் எல்லாம் சரி என்று கொப்பியை மூடிவிடாதீர்கள். கூட்டுத்தொகையையும் பாருங்கள், அதுவும் ஒத்து வராவிட்டால் வரிக்கு வரி பாருங்கள்.

வீட்டில் கணினி இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். வலது கை, இடது கை விளையாட்டுக்குக் கணினி தேவையில்லை. கடதாசியில் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்குக் கணினியில் செய்வது பிறகு சுலபம். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பழக்கம் உதவும்.

அந்த அம்மாவும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. வரும்போது கொப்பியையும் கொண்டு வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் எப்படிக் கோடு போட்டு எழுதுகிறார் என்று கேட்டுப் பார்த்துக்கொண்டு போங்கள்.